ஹாலே நகரில் ஒரு கையெழுத்துப் பிரதி

டிரெஸ்டனிலிருந்து காமென்ஸுக்குப் போகும் சிறிய ரயில், காடும் கழனியும் மாறி மாறி வரும் வழியில், புல்ஸ்னிட்ஸ் என்ற ஊரில் நிற்கிறது. ஜெர்மனியைப் பார்க்க வருகிறவர்கள் ரைன் நதியையும் பவேரியாவின் மலைகளையும் பெர்லின் மாநகரையும் தேடிப் போவார்களேயன்றி, ஸாக்ஸனி மாநிலத்தின் கிழக்கு மூலையில் கிடக்கும் இந்த லவுஸிட்ஸ் பிரதேசத்தை எட்டிப் பார்ப்பது அபூர்வம். புல்ஸ்னிட்ஸுக்கு இந்நாட்டில் பிரசித்தி உண்டாக்கியது ஒரு தின்பண்டம். மிளகின் பெயரைத் தாங்கியும் மிளகைக் காணாத ஒருவகை இனிப்பு ரொட்டியை அவ்வூர் ரொட்டிக்காரர்கள் 1558-ஆம் ஆண்டு முதல் உரிமை பெற்றுச் செய்து வருகிறார்கள். கீழ்த்திசையிலிருந்து கப்பலேறி வந்த வாசனைத் திரவியம் எதுவானாலும் அந்நாளில் அவர்களுக்கு மிளகுதான். அவ்வூரில் நான் இறங்கியது ரொட்டிக்காக அன்று. தரங்கம்பாடியில் தமிழ் அச்சுக்கூடம் அமைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய பார்த்தலோமேயு சீகன்பால்கு 1682-ஆம் ஆண்டில் பிறந்தது இங்கேதான்.

அடுத்து ரயில் போய் முடியும் காமென்ஸ், நாடகாசிரியர் லெஸ்ஸிங் 1729-இல் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்த ஊர். பிற மதங்களை மதிக்க வேண்டும் என்று ஐரோப்பாவில் யார் பேசத் தொடங்கினாலும், அவருடைய 'ஞானி நாதான்' என்ற நாடகத்தில் வரும் மோதிரக் கதையில் வந்து முடிப்பதுதான் சம்பிரதாயம். அணிந்தவனைக் கடவுளுக்கும் மனிதருக்கும் உகந்தவனாக்கும் மோதிரம் ஒன்று. மூன்று புதல்வர்களையும் சமமாக நேசித்த தந்தை, யாருக்கும் மனக்குறை வேண்டாம் என்று அதைப்போலவே இரண்டு செய்வித்து ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு இறந்து போகிறான். உண்மை மோதிரம் எவனுடையது என்ற வழக்கில், நடத்தையால் நிரூபித்துக் காட்டுங்கள் என்கிறார் நீதிபதி. ஹாம்பர்க் நகரத்துப் பாதிரியார் கோயெட்ஸேயுடன் லெஸ்ஸிங் நடத்திய மத விவாதம் முற்றியபோது, பிரன்ஸ்விக் பிரபு 1778-இல் அவருக்கு வாய்ப்பூட்டுப் போட்டார். கட்டுரையில் சொல்லக் கூடாததை நாடகத்தில் சொல்லலாம் என்று எழுதப்பட்டு, மறு ஆண்டே வெளிவந்தது இந்த நூல். ஆசிரியர் கண்மூடி இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான், 1783-இல், பெர்லினில் மேடையேறியது.

அந்த நாதானுக்கு முன்மாதிரியாக இருந்தவர் லெஸ்ஸிங்கின் நண்பரும் யூத தத்துவ ஞானியுமான மோசஸ் மெண்டல்ஸோன். அவருக்கு நேர்ந்த ஒரு சங்கடம் எனக்கு மோதிரக் கதையைவிட அதிகமாகக் கற்பிக்கிறது. ஸூரிச் நகரத்துப் பாதிரியார் லவாட்டர், மெண்டல்ஸோனுடைய அறிவையும் ஒழுக்கத்தையும் மனமாரப் போற்றியவர். போற்றிய காரணத்தினாலேயே, 1769-இல், ஒரு கிறிஸ்தவ சித்தாந்த நூலை அவருக்குச் சமர்ப்பணம் செய்து, ஒன்று இதை மறுத்து எழுதும், அல்லது கிறிஸ்தவராகிவிடும் என்று உலகறிய அறைகூவல் விடுத்தார். இவ்வளவு நல்ல மனிதர் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. மெண்டல்ஸோன் தீயவராக இருந்திருந்தால் லவாட்டர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

பிறர் நம்பிக்கையை மனிதர் மதிக்காததற்கு அறியாமையே காரணம் என்றும், கிட்ட நெருங்கிப் பழகித் தெரிந்துகொண்டால் வெறுப்பு நீங்கிவிடும் என்றும் நாம் வழக்கமாகச் சொல்லிக்கொள்கிறோம். அதே பிரதேசத்தில் உள்ள பவுட்ஸன் நகரத்துப் பெரிய தேவாலயத்தைப் பார்த்தவர்கள் அதை அவ்வளவு சுலபமாகச் சொல்லமாட்டார்கள். புனித பேதுருவின் பெயர் கொண்ட அந்தக் கோயிலில் 1524-ஆம் ஆண்டு முதல் கத்தோலிக்கரும் லூதர் வழியினரும் ஒரே கூரையின் கீழ் வழிபட்டு வருகிறார்கள்: பீடத்தை அடுத்த பகுதி கத்தோலிக்கருக்கு, மக்கள் நிற்கும் நடுமண்டபம் மற்றவர்களுக்கு, ஆர்கன் வாத்தியங்கள் கூட ஆளுக்கொன்று, எந்த நேரம் யாருக்கு என்பதற்கும் ஒப்பந்தம். இரண்டு பகுதிகளுக்கும் நடுவே ஒரு கிராதி. ஒரு காலத்தில் ஆளுயரத்துக்கு மிகவும் மேலாக எழும்பி நின்ற அது, சென்ற நூற்றாண்டின் நடுவில் குறைக்கப்பட்டு இப்போது இடுப்பளவில் நிற்கிறது. பாகம் பிரித்த வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒரே கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் இறைப்பதைப்போல, ஒருவரையொருவர் உள்ளும் புறமும் அறிந்தவர்கள் ஐந்து நூற்றாண்டாக அங்கே வாழ்ந்திருக்கிறார்கள். இவர்களுக்குள் ஒருவர் வேதம் மற்றவருக்குத் தெரியாததா? தெரிந்ததனால்தான் கிராதி வேண்டியிருந்தது. இந்த ஏற்பாட்டை நான் இகழவில்லை. ஆளும் அரசன் எந்த மதமோ குடிகளும் அந்த மதம், பிடிக்காதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்று 1555-இல் ஆக்ஸ்பர்க் உடன்படிக்கையில் எழுதிக்கொண்ட தேசம் இது. அதுவும் போதாமல் 1618 முதல் 1648 வரை முப்பதாண்டு யுத்தத்தில் ஊர் ஊராக எரிந்த தேசம். அந்த நெருப்புக்கு நடுவே ஒரு கிராதியோடு காரியத்தை முடித்துக்கொண்ட ஊரை மெச்சத்தான் வேண்டும். ஆனால் அது சமாதானம் செய்துகொண்டவர்களின் ஏற்பாடு, மரியாதை செய்துகொண்டவர்களுடையது அன்று.

பவுட்ஸனிலிருந்து மேற்கே, ஸாலே நதிக்கரையில் உள்ள ஹாலே நகரம்தான் என் பிரயாணத்தின் நோக்கம். ஔகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற பாதிரியார், தர்ம உண்டியலில் யாரோ போட்ட நாலு தாலரையும் சில்லறையையும் மூலதனமாக வைத்து 1695-இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். மூன்று ஆண்டுகளில் அநாதை விடுதிக்கு அஸ்திவாரம் போட்டார். பள்ளிக்கூடங்களும் மருந்துச் சாலையும் அச்சகமும் புத்தகசாலையுமாக அது ஒரு சிறு நகரமாகவே வளர்ந்து, அவர் 1727-இல் காலமானபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே படித்துக்கொண்டிருந்தார்கள். நீண்ட முற்றமும், அதன் இருபுறமும் வரிசையாக நிற்கும் உயர்ந்த கட்டடங்களும் இன்றும் பார்க்கக் கூடியவை. விடுதியின் மேல்மச்சில் அக்காலத்து விசித்திரப் பொருள்களைச் சேர்த்து வைத்த கூடம் ஒன்று இருக்கிறது: உத்தரத்திலிருந்து தொங்கும் முதலை, கிளிஞ்சல்கள், வானமண்டலத்தின் மாதிரி உருவங்கள், இவற்றினிடையே தரங்கம்பாடியிலிருந்து போன பொருள்கள். நூலகத்தின் சுவடிகளுக்குள் தமிழ் ஓலை ஏடுகள் இருக்கின்றன. இந்த முற்றத்தில்தான் தமிழ் எழுத்துக்கள் ஈயத்தில் வார்க்கப்பட்டுத் தரங்கம்பாடிக்குக் கப்பலேறின. அளவில் பெரியவையாக இருந்தபடியால் காகிதத்தை அவை விழுங்குகின்றன என்று அங்குள்ளவர்கள் பிறகு சிறியவற்றை வார்த்துக்கொண்டார்கள். சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் லத்தீன் மொழியில் 1716-இல் அச்சானதும் இங்கேதான்.

ஹாலேயில் சிறிது காலம் படித்த அந்த இளைஞர், டென்மார்க் அரசர் நாலாம் பிரெடரிக்கின் ஆணையின் பேரில், 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி, தோழர் புளுட்சாவுடன் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். முதிய உபாத்தியாயர் ஒருவரின் பள்ளிக்கூடத்தில், சிறுபிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். இந்த மக்களைக் கல்வியற்ற காட்டுமிராண்டிகள் என்று ஐரோப்பியர் எண்ணுவது அவர்கள் மொழியை அறியாததனால்தான் என்றும், தாமும் தொடக்கத்தில் அந்த அபிப்பிராயத்தோடுதான் வந்ததாகவும் அவரே எழுதினார். ஆனாலும் அவரைச் சாந்தமூர்த்தியாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கோயில் ஒன்றில் இருந்த மண்ணுருவங்கள் சிலவற்றைத் தள்ளியும் சிலவற்றின் தலைகளை உடைத்தும், இவற்றுக்குச் சக்தியில்லை என்று காட்டியதாகவும் அவரே எழுதியிருக்கிறார். அங்கு வந்த ஓர் உபாத்தியாயர் கோபத்தில் குதிக்காமல், ஐயா, இவை தெய்வங்கள் அல்ல, தெய்வத்தின் காவல் வீரர்கள் என்று பொறுமையாக விளக்கம் சொன்னதையும் மறைக்காமல் சேர்த்து எழுதியிருக்கிறார். தம்மைத் திருத்தியவனுடைய வார்த்தையைத் தாமே பதிந்து வைக்கும் அந்த நேர்மைதான் அவருடைய பிற்காலத்துக்கு வித்து.

அதன் பிறகு அவர் ஏடுகளைத் தேடி அலைந்தார். 'உலகநீதி', 'கொன்றைவேந்தன்', 'நீதிவெண்பா' ஆகியவற்றை 1708-லேயே ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். சக மிஷனரி கிருண்ட்லருடன் சேர்ந்து, தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதியனுப்பி, அவர்கள் கடிதங்களாகக் கொடுத்த பதில்களை மொழிபெயர்த்து ஹாலேக்கு அனுப்பினார். கிறிஸ்தவர்களை நீங்கள் ஏன் ஏற்பதில்லை என்ற கேள்விக்கு வந்த பதில்களில் வேதாந்த விசாரத்தைவிட, மாட்டிறைச்சி தின்கிறார்கள், குடிக்கிறார்கள், சுத்தம் போதாது என்ற புகார்களே முந்தி நிற்கின்றன. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால், மதிக்கத் தகாதவர்கள் இவர்களாக இருந்தார்கள்! ஒருவர் வேதத்தின் உட்பொருளை ஆராய்ந்து வெறுக்கிறவர்கள் உலகத்தில் சொற்பம். பெரும்பாலும் அவர் சமையலறைதான் நம் கண்ணில் முதலில் படுகிறது.

இவற்றையெல்லாம் திரட்டி அவர் 1711-இல் ஒரு நூலும், 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வமிசாவளி என்ற பெரிய நூலும் எழுதினார். பராபரவஸ்துவில் தொடங்கி, மும்மூர்த்திகள், அவர்கள் குடும்பம், பிறகு ஐயனார், மாரியம்மன், எல்லம்மன், அங்காளம்மன், பிடாரி முதலான கிராம தேவதைகள் என்று, எந்தத் தெய்வத்துக்கு என்ன உருவம், என்ன பூஜை, எந்த நூல் ஆதாரம் என்று வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறார். படித்தவர்கள் தங்கள் நூல்களில் இடம் கொடுக்கக் கூசிய நம் கிராம தேவதைகளுக்கு அவ்வளவு சிரத்தையாக ஓர் அத்தியாயம் ஒதுக்கியவர், அவற்றைப் பொய்த் தெய்வங்கள் என்று கடைசி மூச்சு வரை நம்பிய ஒரு லூதரன் பாதிரியார். கையெழுத்துப் பிரதி ஹாலே போய்ச் சேர்ந்தது. பிராங்கே அதை அச்சிடவில்லை. புறச்சமயத்தை வேரறுக்கவே மிஷனரிகளை அனுப்பினோம், அதன் கட்டுக்கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அன்று என்ற பொருள்பட அவர் விடையளித்ததாக வழங்கி வருகிறது. 1719-இல், முப்பத்தாறாம் வயதில், சீகன்பால்கு தரங்கம்பாடியில் காலமானார். இந்த இரண்டு நூல்களில் எதையும் அவர் அச்சில் பார்க்கவில்லை.

அநாதைப் பிள்ளைகளுக்குச் சோறும் கல்வியும் கொடுத்த பிராங்கேயை இதயமற்றவர் என்று சொல்ல யாருக்கும் நாவெழாது. அவர் எதற்கு அஞ்சினார் என்பதுதான் என்னைச் சுற்றிச் சுற்றி வந்த கேள்வி. மாரியம்மன் கதையைப் படித்து ஸாக்ஸனியில் யாரும் தீமிதிக்கப் போவதில்லை. ஆனால் அவர் அச்சிடாத மற்ற தாள்களில், 'உலகநீதி'யின் மொழிபெயர்ப்பில், பைபிளைக் காணாத மக்கள் பெற்றோரைப் பேணுவதையும் பொய்ம்மை தவிர்ப்பதையும் பிள்ளைகளுக்குப் போதிக்கிறார்கள் என்ற விஷயம் இருக்கிறது. அந்த நல்லொழுக்கம் எங்கிருந்து வந்தது? கிறிஸ்துவின் அருள் இல்லாமலே ஒரு மனிதன் அவ்வளவு தூரம் போக முடியுமானால், உயிரைப் பணயம் வைத்துக் கடல் கடந்து போகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது? அயலான் நம்பிக்கையில் உள்ள குற்றத்தை நாம் சுலபமாகப் பொறுத்துக்கொள்வோம். அது நமக்கு ஒருவகையில் சௌகரியம்கூட. பொறுக்க முடியாதது அதில் உள்ள நன்மை.

இது என் ஊகம் மட்டும் அன்று. இதே ஹாலே நகரத்துச் சர்வகலாசாலையில் இதற்கு ஒரு சாட்சி கிடைக்கிறது. 1721-ஆம் ஆண்டு ஜூலை மாதம், தத்துவப் பேராசிரியர் கிறிஸ்டியன் வோல்ஃப், தலைமைப் பதவியை யோவாக்கிம் லாங்கே என்ற இறையியல் பேராசிரியரிடம் ஒப்படைக்கும் சடங்கில், சீனர்களுடைய ஒழுக்க சாஸ்திரத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். வேதத்தை அறியாத கன்பூசியஸின் மக்கள், இயற்கையான அறிவின் துணைகொண்டே சிறந்த ஒழுக்கத்தை அடைந்தார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். சீனத் தெய்வம் எதையும் அவர் புகழவில்லை. லாங்கேயும் பிராங்கேயைச் சார்ந்தவர்களும் கொதித்தெழுந்தார்கள். வழக்கு அரசர் பிரெடரிக் வில்லியம் வரை சென்றது. வோல்ஃப் சொல்வதை ஒப்புக்கொண்டால் ஓடிப்போகும் சிப்பாயைக்கூட, எல்லாம் விதி என்று தண்டிக்க முடியாமற் போகும் என்று யாரோ அரசரின் காதில் போட்டதாகவும் ஒரு கதை உண்டு. 1723 நவம்பரில் கட்டளை வந்தது: நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பிரஷ்ய ராஜ்யத்தைவிட்டு வெளியேறாவிட்டால் தூக்கு. வோல்ஃப் மார்பர்க்குக்குப் போய்விட்டார். 1740-இல் புதிய அரசர் பட்டமேறித்தான் அவரைத் திரும்ப அழைத்தார். சீனர்கள் பொல்லாதவர்கள் என்று அவர் பேசியிருந்தால் சடங்கு மங்களகரமாக முடிந்திருக்கும்.

நாமும் இதில் சளைத்தவர்கள் அல்லர். திருவிளையாடற் புராணத்தில் சமணரைக் கழுவேற்றிய படலம் என்றே ஒரு படலம் இருக்கிறது. சரித்திரத்தில் அது நடந்ததா என்று ஆராய்ச்சியாளர் வாதிடட்டும். நடந்ததாகச் சொல்லி மகிழ்ந்த மனம் மட்டும் நிச்சயம் நம்முடையது. கொல்லாமை, புலால் மறுத்தல் முதலிய எந்த விரதங்களால் சமணர் தமிழ்நாட்டில் செல்வாக்குப் பெற்றார்களோ, அந்த விரதங்களை நாமே மேற்கொண்டுவிட்டு, அவற்றின் பழைய சொந்தக்காரர்களைக் கதையில் கழுமரத்தில் ஏற்றினோம்.

ஹாலேயின் சந்தைச் சதுக்கத்துத் தேவாலயத்தில், 1546-இல் இறந்து விட்டன்பர்க்குக்கு எடுத்துச் செல்லப்பட்ட வழியில் இங்கே தங்கிய லூதருடைய முகத்தின் மெழுகு வார்ப்பைக் காட்டுகிறார்கள். 1521-இல் வோர்ம்ஸ் சபையில் சக்கரவர்த்தியின் முன் நின்று, தம் மனச்சாட்சியைப் பிறர் கட்டாயப்படுத்தக் கூடாது என்று வாதாடிய அதே மனிதர், 1543-இல் யூதர்களுடைய ஜெபாலயங்களைக் கொளுத்த வேண்டும் என்று புத்தகம் எழுதினார். தன் நம்பிக்கைக்காகத் துன்பப்பட்டவன் பிறர் நம்பிக்கைக்கு இரங்குவான் என்று எதிர்பார்ப்பது நியாயமாகத்தான் தோன்றுகிறது. அனுபவம் அப்படிச் சொல்லவில்லை.

இந்தத் தேவாலயத்திலிருந்து வடக்கே, ஹும்போல்ட் வீதியில், ஜெபாலயம் ஒன்று இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் தேதி, யூதர்களின் மகா பரிசுத்தமான யோம் கிப்பூர் தினத்தில், உள்ளே ஐம்பது பேர் அளவில் பிரார்த்தனையில் இருந்தபோது, துப்பாக்கிகளும் வெடிகுண்டுகளுமாக ஒருவன் வந்தான். மரக்கதவு அவனுக்குத் திறக்கவில்லை. வெறி தீராமல் தெருவில் போன ஒரு பெண்ணையும், பக்கத்துச் சிற்றுண்டிக் கடையில் ஓர் இளைஞனையும் சுட்டுக் கொன்றான். இறந்தவர்கள் இருவரும் யூதர்கள் அல்லர். இவனுக்கு லூதருடைய இறையியலும் இல்லை, பிராங்கேயின் பக்தியும் இல்லை. இனவெறி ஒன்றே போதுமாயிருந்தது. ஆகவே, மதப்பற்று ஒழிந்துவிட்டால் இந்தத் துவேஷமும் ஒழியும் என்று சிலர் சொல்லும் வைத்தியத்தையும் என்னால் நம்ப முடியவில்லை.

மதப்பற்று இந்தப் பக்கத்தில் மிகவும் குறைந்துதான் போயிற்று. கிழக்கு ஜெர்மனியில் கம்யூனிஸ்டு ஆட்சி நடந்த நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, ஹாலே அடங்கிய ஸாக்ஸனி-அன்ஹால்ட் மாநிலத்தில் எந்தத் திருச்சபையையும் சேராதவர்களே பெரும்பான்மையோர். சீகன்பால்குவின் 1711-ஆம் ஆண்டு நூலை ஹாலந்து தேசத்து வடமொழி அறிஞர் காலண்ட் 1926-இல் அச்சிட்டார். தெய்வ வமிசாவளியை, மூலத்தில் இருந்தபடியே, தமிழறிஞர் டேனியல் ஜெயராஜ் பதிப்பித்து 2003-இல் வெளியிட்டார். அதைப் பிரசுரித்தது வேறு எந்த ஸ்தாபனமும் அன்று, பிராங்கே நிறுவிய அதே ஹாலே ஸ்தாபனம்! இருநூற்றுத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்துக் கிடைத்த அந்த மரியாதையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆயினும் ஒரு சந்தேகத்தைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. மாரியம்மனால் இப்போது யாருடைய விசுவாசத்துக்கு அங்கே ஆபத்து? இழப்பதற்கு ஒன்றுமில்லாதவர்கள் காட்டும் பெருந்தன்மை, ஆராய்ச்சியாளரின் அக்கறை, அருங்காட்சியகத்தின் பராமரிப்பு, இவை வேறு. தன் நம்பிக்கை நெஞ்சில் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருக்கும்போதே அயலான் நம்பிக்கையை உள்ளபடி எழுதி வைப்பது வேறு. பின்னதைத்தான் அந்தப் புல்ஸ்னிட்ஸ் பிள்ளை செய்தார். அதற்காகவே அவருடைய எஜமானர்கள் அவர்மீது அதிருப்தி கொண்டார்கள்.

நம்மிடத்தில் அதற்கு நிகரான ஒருவரைத் தேடினால் மகாமகோபாத்தியாய சாமிநாதையரைச் சொல்லலாம். அநபாய சோழன் சமண காவியமான 'சீவகசிந்தாமணி'யில் ஈடுபட்டிருந்ததைப் பொறாத அமைச்சர் சேக்கிழார், அது பொய்ந்நூல் என்று எடுத்துரைத்து, அதற்கு மாற்றாகவே பெரிய புராணத்தைப் பாடினார் என்பது சைவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. அந்தச் சைவத்திலேயே பிறந்து, திருவாவடுதுறை ஆதீனத்தின் நிழலில் தமிழ் படித்து, நெற்றியில் திருநீறு மாறாமல் வாழ்ந்த ஐயர், சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் அந்தச் 'சிந்தாமணி'யை 1880-இல் கையில் எடுத்தார்; பொருள் விளங்காத இடங்களுக்குக் கும்பகோணத்துச் சமணர்களின் வீடுகளுக்கு நடந்து சென்று, அவர்கள் சம்பிரதாயங்களை அவர்கள் வாயாலேயே கேட்டுக் குறித்துக்கொண்டார். அவர் சமணராகவும் இல்லை, சமணம் உண்மை என்று சொல்லவும் இல்லை. நூல் 1887-இல் சென்னையில் அச்சாகி வெளிவந்தது. ஹாலே மறுத்த தெய்வ வமிசாவளியை ஜெர்மன் மிஷனரி வில்ஹெல்ம் கெர்மன், அங்கங்கே தாம் திருத்தியும் சேர்த்தும், அச்சிட்டு வெளியிட்டதும் அதே சென்னையில்தான். அது இருபது ஆண்டுகளுக்கு முன்பு, 1867-இல்.